நாவலுக்குப் படியளப்பவர்கள்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 350 பக்க நாவல், விலை 400 ரூபாய், ராயல்டி தமிழ்ப் பதிப்புலகில் வழக்கமான 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 500 படிகள் விற்றால் எழுதியவர் கைக்கு 20,000 ரூபாய் வரும். ஓர் இலக்கிய நாவல் 500 படி விற்பதை எந்தப் பதிப்பாளரும் குறையாகச் சொல்லமாட்டார். எழுதி முடிக்க மூன்று ஆண்டு பிடித்திருந்தால் மாதத்துக்கு 555 ரூபாய். சென்னையில் ஒரு குடும்பத்துக்குப் பத்து நாள் பாலுக்கு அது காணும்.

ஆகவே தமிழில் நாவல் எழுதிப் பிழைக்க முடியாது என்று பேச்சை முடித்துவிடுவது சுலபம். நூறு ஆண்டாக அப்படித்தான் முடித்தும் வருகிறோம். ஆனால் நாவல்கள் வருவது நிற்கவில்லை. யாரோ எதையோ வைத்து அவற்றுக்குப் படியளந்திருக்கிறார்கள்: ஓர் அரசு உத்தியோகம், ஒரு துணிக்கடை, ஒரு வார இதழ், மனைவியின் நகை. எந்த நாவலுக்கு எது படியளந்தது என்று தேடிப்போனால் ஒன்று தெளிவாகிறது. பணம் வந்த வழியின் தடம் நாவலின் உடம்பிலேயே விழுந்திருக்கிறது. அத்தியாயம் எங்கே அறுபடுகிறது, புத்தகம் எவ்வளவு தடிமன், ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை ஆண்டு இடைவெளி என்பதிலெல்லாம் அது தெரியும். சொந்தக் காலில் நின்று நாவல் எழுத நினைக்கிறவர் வேலையை விடலாமா கூடாதா என்று பிறகு யோசிக்கலாம். தன் எழுத்தில் எந்தத் தடம் விழுந்தால் பரவாயில்லை என்பதைத்தான் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதல் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சானபோது அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீபாக இருந்து ஓய்வுபெற்றவர். புத்தகம் விற்றால்தான் உலை கொதிக்கும் என்ற நிலை இல்லை. அக்காலத்தில் பெரும் நூல் ஒன்றை அச்சேற்றுவதென்றால் முன்கூட்டியே 'கையொப்பம்' வாங்க வேண்டும். படி வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்திட்ட கனவான்களின் பட்டியலை நம்பித்தான் அச்சுக்கூலி. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரே அந்த வழியில் போனவர்தான். ராஜமய்யர் 'கமலாம்பாள் சரித்திர'த்தை 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் மாதாமாதம் எழுதினார். 1898இல், இருபத்தாறு வயதில், இறந்துபோனார். புரவலரை நம்பியிருந்த தமிழ் நூல் எப்படிச் சந்தைக்கு வந்தது, அந்தச் சந்தையை உண்டாக்கியதில் நாவலின் பங்கு என்ன என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் கதைகளை இலக்கிய வரலாறு ஓரமாகத் தள்ளிவைத்திருக்கிறது. முகம் தெரியாத வாசகர் காசு கொடுத்து நாவல் வாங்குவார் என்று காட்டியவர்கள் அவர்கள்தான்.

அந்தச் சந்தையில் ஒருவர் செய்த காரியத்தை இன்னும் நாம் சரியாக எடைபோடவில்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர். ஐந்து வயதில் திருமணம். பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதிக்கொண்டார். 1925இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற மாத இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். அதற்குப் பிறகு 1960இல் மறையும்வரை அவர் எழுதிய நாவல்கள் 115. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்கு மூன்றுக்கும் மேல்.

அந்த எண்ணிக்கையைச் சொல்லி வியப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அமைத்துக்கொண்ட ஏற்பாடு. இதழின் ஆசிரியர் அவரே, அதில் தொடர்கதை எழுதுபவர் அவரே. தொடர் முடிந்தால் நூலாகும். நூலைத் தேடி வருபவர் இதழுக்குச் சந்தா கட்டுவார். மேடைகளில் பாடினார், பேசினார், கேட்டவர்கள் வாசகர்களானார்கள். கள்ளுக்கடை, அந்நியத் துணிக்கடை மறியல்களில் ஈடுபட்டு 1932இல் சிறைக்குப் போனார். அங்கும் எழுத்தை விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் சென்னையை விட்டுப் பலர் வெளியேறியபோது சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் குடிபோய் அங்கிருந்தபடி இதழைக் கொண்டுவந்தார். கதைகள் திரைக்கும் போயின: 'ராஜமோகன்' 1937இல், 'அநாதைப் பெண்' 1938இல். எழுத்து, அச்சு, விற்பனை, கதையுரிமை என்று இன்றைக்கு ஒரு சுயாதீன எழுத்தாளரிடம் என்னென்ன எதிர்பார்க்கிறோமோ அத்தனையையும் ஒரு பெண் திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு செய்திருக்கிறார். அவர் கணவர் பார்த்தசாரதி இதற்குக் குறுக்கே நிற்காமல் தோள்கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சம்மதம் கிடைக்காமல் எழுதாமலே போன பெண்களுக்குக் கணக்கில்லை.

தடம் எங்கே விழுந்தது? நாவல்களிலேயே. மாதம் தவறாமல் பக்கங்களை நிரப்பியாக வேண்டும். வாங்குகிறவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்கிற பெண்கள். எனவே திருப்பங்களும், நீதியும், நல்லவர் கடைசியில் வெல்வதும் விதியாயின. திருத்தி எழுத அவருக்கு நேரமிருந்ததாகத் தெரியவில்லை. அவர் நாவல்களை இன்று ஒரே மூச்சில் படிப்பது கடினம் என்று ஒப்புக்கொள்வதில் அவருக்கு ஒரு குறைவும் இல்லை. அவர் தேர்ந்துகொண்டது சுதந்திரம்; அதற்கு விலையாக நிதானத்தைக் கொடுத்தார். இன்னொரு விலையும் இருந்தது, அதை அவர் காலமான பின் வந்தவர்கள்தான் உணர்ந்தார்கள். இதழும் பதிப்பும் விற்பனையும் ஒரே ஆளாக இருந்ததால் ஆள் போனதும் எல்லாமே போயிற்று. 1966இல் அவர் கதை 'சித்தி' படமாகி ஓடியது. நாவல்களோ நெடுங்காலம் பழைய புத்தகக்காரர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் மட்டுமே கிடைத்தன.

கல்கியும் தனக்கென ஒரு பத்திரிகை வைத்துக்கொண்டவர்தான். ஆனந்த விகடனிலிருந்து விலகி 1941இல் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி'யைத் தொடங்க, 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்ததற்கு சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி பெற்ற பணம் முதலுக்கு உதவியது. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை மூன்றரை ஆண்டு வாரந்தோறும் ஓடிய 'பொன்னியின் செல்வன்', அதன் வாசகர்களுக்குத் தெரியும், வாரக் கடைசியில் யாராவது ஒருவரைப் புதைமணலிலோ சுரங்கப்பாதையிலோ விட்டுவிட்டுத்தான் நிற்கும். 1980களின் மாத நாவல்களுக்கு இன்னொரு அளவு. ராஜேஷ்குமார் ஆயிரத்தைந்நூறுக்கும் மேல் எழுதியவர். சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளை ஓட்டி இறுதியில் முடிச்சுப் போடும் அவர் உத்தி, ஒரே இதழுக்குள் கதை முடிந்தாக வேண்டும் என்ற கட்டாயத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தொடர்கதை என்றாலே நாவல் கெட்டுவிடும் என்பதும் சரியல்ல. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' சுதேசமித்திரனில் தொடராக வந்ததே. ஒரு வித்தியாசம் உண்டு. அவருக்கு ஆசிரியர் வேலையும் பின்னர் வானொலியும் சோறு போட்டன. தொடர் நின்றால் அடுப்பு அணையும் என்ற பயம் அந்தப் பக்கங்களில் இல்லை.

தமிழின் முக்கியமான நாவல்களில் பெரும்பகுதி சம்பளத்திலோ கடை வருமானத்திலோ எழுதப்பட்டவை. நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திய சுந்தர ராமசாமி எழுதிய நாவல்கள் மூன்றே: 1966, 1981, 1998. வாசகரை வாராவாரம் இழுத்துப்பிடிக்க வேண்டிய எந்த இதழும் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' போன்ற ஒன்றைத் தொடராக வெளியிட்டிருக்காது, கடை இருந்ததால் அதைப் பற்றி அவர் கவலைப்படவும் வேண்டியிருக்கவில்லை. பதினைந்து ஆண்டு இடைவெளியைச் சோம்பலென்று யாராவது சொன்னால், அது கடை கொடுத்த பொறுமை என்று பதில் சொல்வேன்.

அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்புகளில் ஒட்டுவது அங்கே அவருடைய வேலைகளில் ஒன்று. பார்ப்பவர்களுக்கு ஒரு வேலையும் இல்லாதவர் போலத் தெரிந்த அந்த மேசையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்த சினிமா உலகம்தான் 1969இல் 'கரைந்த நிழல்கள்' ஆயிற்று. சம்பளத்தோடு கதைக்கான சரக்கும் கிடைத்த வேலை அது. அதை விட்ட பின் அவருக்கு நிரந்தர உத்தியோகம் அமையவில்லை. கணையாழிப் பணி, ஆங்கிலக் கட்டுரைகள், மதிப்புரைகள் என்று கிடைத்ததைக் கொண்டு காலம் தள்ளினார். அவருடைய சிறந்த நாவல்கள் பல அந்த ஐம்பது ஆண்டில் வந்தவை, ஏறத்தாழ எல்லாமே சிறியவை. சொற்சிக்கனம் அவர் அழகியல் என்று விமர்சகர்கள் சொல்வது சரி. நாளைய கட்டுரைக்கும் நேரம் ஒதுக்க வேண்டியவர் எடுத்துச் செல்லக்கூடிய அளவும் அதுதான் என்று சேர்த்துக்கொள்ளத் தோன்றுகிறது.

உத்தியோகம் எல்லாரையும் காப்பாற்றிவிடுவதில்லை. ப. சிங்காரம் இளவயதில் இந்தோனேசியாவின் மேடானுக்குப் போய்க் கடையில் வேலை செய்தார். போருக்குப் பின் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்தார். 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்றது. 'புயலிலே ஒரு தோணி' பதிப்பாளரைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்து 1972இல்தான் வெளிவந்தது. அதன்பின் இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்தார், நாவல் எழுதவில்லை. சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. வராமல் போனது எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்கிற ஆள். எழுத்தாளரின் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பணத்தைக் கணக்கிடுகிற அளவுக்கு இதைக் கணக்கிடுவதில்லை. இரண்டாவது நாவலுக்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒருவரைத் தாங்குவது பெரும்பாலும் நாலு பேரின் வாசிப்புதான்.

சி.சு. செல்லப்பா நேர் எதிர்ப்பக்கம். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியவர், அதற்காக மனைவியின் நகையை விற்றவர், புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலைத் தாமே வெளியிட்டார். 1998இல் மறைந்தார்; 2001க்கான சாகித்திய அகாதமி விருது அந்நாவலுக்கு வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. செல்லப்பாவின் பிடிவாதத்தை நாம் புராணமாக்கிவிட்டோம். அவரை மதிக்கிறேன், இளம் எழுத்தாளர்களுக்கு அவரை முன்மாதிரியாகக் காட்டுவதை மட்டும் மதிக்க முடியவில்லை. கழுத்திலிருந்து இறங்கிய நகை யாருடையது என்பதை அந்தப் புராணம் அரைவரியில் கடந்துவிடுகிறது.

பூமணிக்குக் கிடைத்தது தமிழில் அபூர்வமான ஏற்பாடு. கூட்டுறவுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களைத் தொட்டுச் செல்லும் 'அஞ்ஞாடி'க்கான ஆய்வுக்குப் பெங்களூரில் உள்ள கலைகளுக்கான இந்திய அறக்கட்டளை நல்கை வழங்கியது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அந்த நாவல் 2012இல் வெளிவந்தது. ஆவணக் காப்பகத்தில் நாள்கணக்கில் உட்காரவும், ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதவும் ராயல்டி முன்பணம் ஒருநாளும் போதாது. வரலாற்று நாவல் எழுதுகிறவர்களுக்காவது இப்படிப்பட்ட நல்கைகள் தமிழில் பெருக வேண்டும். விருதுகள் இங்கே ஏராளம். அவை எழுதி முடித்தவருக்கானவை.

இணையம் வந்ததும் பழைய வழிகள் வேறு உருவில் திரும்பியிருக்கின்றன. தொலைபேசித் துறை வேலையிலிருந்து விலகிய ஜெயமோகன் திரைக்கதைகளை வருமானத்துக்கு வைத்துக்கொண்டு, 2014 முதல் 2020 வரை நாளுக்கு ஓர் அத்தியாயமாக 'வெண்முரசு' 26 நாவல்களைத் தம் தளத்தில் இலவசமாக வெளியிட்டார். வாசகர்கள் மெய்ப்புப் பார்த்தார்கள். செம்பதிப்புக்கு முன்பணம் கட்டினார்கள். அந்தக்காலக் கையொப்பம், கனவான்களை விட்டு நடுத்தர வர்க்கத்து வாசகரிடம் இறங்கி வந்தது என்று சொல்லலாம். எஸ். ராமகிருஷ்ணன் 'தேசாந்திரி' என்ற சொந்தப் பதிப்பகத்தை அமைத்துக்கொண்டார். இருவருக்கும் அதற்கு முன்பே பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. முதல் நாவல் எழுதியவர் இதைப் பார்த்து உடனே பதிப்பகம் தொடங்கினால், கடைக்காரர் கழிவு மூன்றில் ஒரு பங்கு போக, கூரியர் செலவும் போக, கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகள்தான் மிஞ்சும். நூலக ஆணை கிடைத்தால் ஒரே தவணையில் நூற்றுக்கணக்கான படிகள் போகும், உண்மை. ஆனால் அந்தப் பணம் எப்போது வரும் என்று நம்பி வீட்டு வாடகைக்குத் தேதி சொல்ல முடியாது.

கிண்டில் வழி அச்சுச் செலவை ஒழித்தது. அங்கேயும் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தருவதாக 90 நாள் தவணைகளில் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 35 சதவீதம். சந்தாதாரர்கள் படித்தால் படித்த பக்கத்துக்குக் கூலி. பக்கத்துக்குக் கூலி என்றதும் அத்தியாய முடிவுகளில் பழைய வாரப்பத்திரிகைக் கொக்கிகள் மறுபடி முளைப்பதைப் பார்க்கலாம். எழுதுகிறவர் தெரிந்தே செய்தால் தவறில்லை.

இந்தச் சுதந்திரத்தில் அதிகம் அடிபடுவது எடிட்டிங். தமிழில் அது முன்பும் அரிது. க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன் ஒரு கைப்பிரதியோடு மாதக்கணக்கில் உட்காருவார். பூமணியின் 'வெக்கை', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' எல்லாம் க்ரியா வெளியீடுகள். 2020இல் அவர் மறைந்த பிறகு அந்த உழைப்பை இன்னாரிடம் எதிர்பார்க்கலாம் என்று கைகாட்ட ஆளில்லை. தானே வெளியிடுகிறவர் அட்டைப்படத்துக்குத் தயங்காமல் செலவு செய்கிறார். எடிட்டருக்குக் கூலி என்றால் யோசிக்கிறார். நான் சொல்வேன், அட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாவல் எழுதியவருக்கே தெரியாத நூறு பக்கம் அதில் மிகையாக இருக்கும். கண்டிப்பான ஒரு வாசகருக்குப் பணம் கொடுத்தாவது அதைக் கண்டுபிடிக்கச் சொல்வது, அடுத்த நாவலுக்கும் சேர்த்துப் போடும் முதலீடு.

பதிப்பகத்திடம் கொடுப்பதே மேல் என்று முடிவு செய்பவரும் சுதந்திரத்தை இழந்தாக வேண்டியதில்லை. எதில் கையெழுத்திடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ராயல்டி சில ஆயிரங்கள்தான். பிற உரிமைகள் எப்போது விளையும் என்று சொல்ல முடியாது. 1982இல் வந்த 'வெக்கை' 2019இல் 'அசுரன்' ஆனது. 2012இல் வெளியான பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி' ஆங்கிலத்தில் 2023க்கான ஜேசிபி இலக்கியப் பரிசை வாங்கித்தந்தது. ஆசிரியருக்கு 25 லட்சம் ரூபாய், மொழிபெயர்ப்பாளருக்கு 10 லட்சம். மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல், மின்னூல் எல்லாவற்றையும் 'சகல உரிமைகளும்' என்ற இரண்டே சொல்லில் எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு புலம்புகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதில் எழுத்தாளர் பக்கம் நிற்கிறது, படித்துப் பார்ப்பவர்தான் குறைவு. உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து கையெழுத்தும் ஆகியிருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் கொள்ள வேண்டும். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லையென்றால், வேறுவிதமாக எழுதிக்கொண்டிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை வாரிசுகளுக்கு உண்டு. இடையில் தமிழக அரசு நூல்களை நாட்டுடைமையாக்கினால் குடும்பத்துக்கு ஒரு தொகை ஒரே தடவையாகக் கிடைக்கும்.

உரிமை திரும்பி வந்தாலும் கையில் பிரதி இருக்க வேண்டும். தமிழில் இது தனிச் சிக்கல். யூனிகோட் பரவுவதற்கு முன் அச்சான நாவல்களின் இறுதித் திருத்தம் செய்த வடிவம் பெரும்பாலும் பதிப்பகத்தின் பேஜ்மேக்கர் கோப்பில், ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் கிடக்கிறது. ஆசிரியரிடம் இருப்பது திருத்தத்துக்கு முந்தைய தட்டச்சுப் பிரதி, அல்லது அதுவும் இல்லை. மறுபதிப்பு என்றால் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, புதுப் பிழைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாகக் கேட்டு வாங்கலாம்: நூல் அச்சுக்குப் போன ஒரு மாதத்துக்குள் இறுதிக் கோப்பின் யூனிகோட் படி ஆசிரியருக்குத் தரப்பட வேண்டும். பதிப்பாளருக்கு இதில் சல்லிக்காசு செலவில்லை. கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கவும் செய்கிறார்கள்.